வரைபடத்தில் இல்லாத கோடு: நியூயார்க் யூதப் பள்ளிகளிலிருந்து சில குறிப்புகள்

நவம்பர் 30, 2025, ஞாயிறு. குவீன்ஸ்

ஏழாம் எண் ரயிலில் ஃப்ளஷிங் பக்கம் வருபவர்கள் பெரும்பாலும் பேஸ்பால் மைதானத்துக்கோ டென்னிஸ் அரங்கத்துக்கோ போகிறவர்கள். நான் குவீன்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனேன். உள்ளே நியூயார்க் நகரம் முழுவதையும் கட்டடம் கட்டடமாகச் செய்துவைத்த மாபெரும் மாதிரி ஒன்று இருக்கிறது. 1964 உலகக் கண்காட்சிக்காக உருவாக்கியது. குழந்தைகளோடு வந்தவர்கள் அதைச் சுற்றி நின்று தங்கள் தெருவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த மாதிரியைவிடக் கட்டடம்தான் முக்கியம். ஐ.நா.வுக்கு மன்ஹாட்டனில் சொந்தக் கட்டடம் எழும்புவதற்கு முன், 1946 முதல் 1950 வரை பொதுச்சபை இங்கேதான் கூடியது. 1947 நவம்பர் 29, சனிக்கிழமை, பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என இரண்டாகப் பிரிக்கும் தீர்மானம் இந்தக் கூரைக்குக் கீழே நிறைவேறியது. ஆதரவு 33, எதிர்ப்பு 13, நடுநிலை 10.

எதிர்த்த பதின்மூன்று நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பாலஸ்தீனம் பற்றி விசாரிக்க ஐ.நா. அமைத்த பதினொரு நாட்டுக் குழுவிலும் நாம் இருந்தோம். பெரும்பான்மை பிரிவினையைப் பரிந்துரைத்தது. இந்தியாவும் ஈரானும் யூகோஸ்லாவியாவும் மட்டும் ஒரே கூட்டாட்சியாக வைத்துக்கொள்ளலாம் என்று தனி அறிக்கை எழுதின. பஞ்சாபில் அகதி ரயில்கள் ஓடிக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

என் சித்தி மகள் மன்ஹாட்டனில் ஒரு யூதப் பள்ளியில் கணக்கு டீச்சர். "அண்ணா, நீங்க வரலாறு வாத்தியார். இங்க ஒரு பாடத்த நடத்துறதுக்கு எங்க ஸ்டாஃப் ரூம்ல படுற பாட்ட வந்து பாருங்க" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பாடம் இஸ்ரேல். பள்ளிகளின் பெயரை எழுதுவதில்லை, படம் எடுப்பதில்லை என்ற உறுதியின் பேரில் அனுமதி கிடைத்தது.

டிசம்பர் 1, திங்கள். தொடக்க வகுப்புகள்

வாசலில் ஆயுதம் தாங்கிய காவலர், இரண்டு கதவுகள், ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்கும். 2023 அக்டோபர் 7க்குப் பிறகு இது இன்னும் இறுகிவிட்டதாம். அன்று ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பிணைக் கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். இந்தப் பள்ளி ஆசிரியர்களில் சிலருக்கு அங்கே சொந்தங்கள் உண்டு. அதன்பின் நடந்த போரில் காசாவில் இறந்தவர்களின் எண்ணிக்கை 70,000ஐத் தாண்டிவிட்டது என்று அங்குள்ள சுகாதார அமைச்சகம் 2025 நவம்பர் இறுதியில் அறிவித்தது. இரண்டு செய்தியும் இந்தக் குழந்தைகளின் வீட்டு டிவியில் ஓடியவை. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் இரண்டாம் வகுப்புக்குள் போனேன்.

வெளிச்சமான அறை. ஹீப்ரு எழுத்துகள், டெல் அவிவ் கடற்கரைப் படம், பழைய ஜெருசலேமின் மதில். மேசை ஓரத்தில் நீலத் தகர உண்டியல் ஒன்று, காசு போடும் வாய் தேய்ந்து பளபளக்கிறது. யூத தேசிய நிதியின் உண்டியல் இது. பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் வேண்டும் என்ற இயக்கம் சியோனிசம். 1901இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் கூடிய சியோனிச மாநாட்டில் தொடங்கிய அந்த நிதி, பாலஸ்தீனத்தில் நிலம் வாங்குவதற்காக உலகம் முழுக்க யூத வீடுகளிலும் பள்ளிகளிலும் இப்படி உண்டியல் வைத்தது. பிறகு அதே காசில் மரங்கள் நட்டார்கள். ஒரு மரத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துச் சான்றிதழ் வாங்கிய பாட்டிகள் இந்த ஊரில் ஏராளம்.

அந்தக் காடுகளில் சில, 1948இலும் 1967இலும் காலியான அரபுக் கிராமங்களின் மேல் நிற்கின்றன. கனடா பார்க் என்ற பூங்காவுக்குள் இம்வாஸ், யாலு என்ற ஊர்களின் இடிபாடுகளை இன்றும் பார்க்கலாம். ஏழு வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்வி என் காதில் விழுந்தது. சுவரில் இருந்த வரைபடத்தில் ஜோர்டான் நதிமுதல் மத்தியதரைக் கடல்வரை ஒரே நிறம். இஸ்ரேலையும் மேற்குக்கரை, காசாவையும் பிரிக்கும் 1949 போர்நிறுத்தக் கோடு, எல்லோரும் பச்சைக்கோடு என்று சொல்லும் அந்தக் கோடு, அதில் இல்லை. மேற்குக்கரைக்கும் காசாவுக்கும் பெயரும் இல்லை. ஒரு சிறுமி கையைத் தூக்கி, "செய்தியில வர்ற காசா இதுல எங்க இருக்கு?" என்றாள். டீச்சர் கடலோரத்தில் விரலை வைத்து "இங்கே" என்றார், உடனே பாட்டுக்குப் போய்விட்டார். பாட்டு நன்றாக இருந்தது. சிறுமி வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த டீச்சரைக் குறைசொல்ல மாட்டேன். இடைவேளையில் என்னிடம் வந்து அவரே பேசினார். "முதலில் பிடிப்பு வரட்டும், சிக்கலைப் பெரிய வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை. குழந்தைகள் அதற்காகக் காத்திருப்பதில்லை என்று எனக்கும் தெரியும்" என்றார். லாஸ் ஏஞ்சலிஸில் ஸிவான் ஜக்காய் என்ற கல்வியாளர் யூதக் குழந்தைகளை மழலையர் வகுப்பிலிருந்து பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பேட்டி எடுத்தார். அவர் கண்டதும் இதுதான். அங்கே சண்டை இருப்பது ஐந்து, ஆறு வயதிலேயே குழந்தைகளுக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் பெரியவர்கள் கிடைப்பதில்லை.

டிசம்பர் 2, செவ்வாய். மேல்நிலைப் பள்ளி

இந்த வகைப் பள்ளிகளில் நாளே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. தோரா (யூத வேதம்), தல்மூத் (யூத மதச் சட்ட விவாதங்களின் தொகுப்பு), ஹீப்ரு ஒரு பக்கம். கணக்கு, அறிவியல், அமெரிக்க வரலாறு மறு பக்கம். இஸ்ரேல் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. பண்டிகையில் கொஞ்சம், ஹீப்ரு வகுப்பில் கொஞ்சம், பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பருவம் வரலாறு, பிறகு அந்த நாட்டுக்கே ஒரு சுற்றுலா. யார் பொறுப்பு என்று கேட்டால் எல்லாரும் பக்கத்து அறையைக் காட்டுவார்கள்.

காலையில் தல்மூத் வகுப்பு. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து சத்தமாக வாதாடிப் படிக்கிறார்கள். பக்கத்தின் நடுவில் மூலம். ஒரு புறம் பதினோராம் நூற்றாண்டு ராஷியின் உரை. மறுபுறம் அவருடைய பேரன்களும் அவர்கள் வழி வந்தவர்களும் அவரையே மறுத்து எழுதியது. தோற்ற கட்சியின் கருத்தும் அழிக்கப்படாமல் அங்கேயே நிற்கிறது. எனக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு பையன்கள் கண்டெடுத்த பொருள் யாருக்குச் சொந்தம் என்பதில் முட்டிக்கொண்டார்கள். ஒருவன் சொன்னதை மற்றவன் முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் மறுக்கலாம். ஆசிரியர் அதில் கறாராக இருந்தார்.

மதியம் வரலாறு. நான் இவ்வளவு தூரம் வந்தது வீண்போகவில்லை என்று தோன்றிய வகுப்பு இது. நவம்பர் 29ஐ ஒட்டி ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பில் ஐ.நா. விவாதத்தை நடத்திப் பார்க்கிறார்களாம். பல பள்ளிகளில் இது வாக்கெடுப்பு முடிந்ததும் கைதட்டி நடனம் ஆடும் விழாவாக முடிகிறது. இந்த ஆசிரியை வேறு மாதிரி. இரண்டு வாரம் முன்பே ஆவணங்களைக் கொடுத்துவிட்டார். முதல் இரண்டு ஆவணங்களும் சியோனிசத் தலைவர்களே எழுதியவை. 1891இல் பாலஸ்தீனம் போய்வந்த அஹத் ஹாம், அங்கே உழாத நிலம் கிடைப்பது அரிது, அரபுகளை ஒன்றும் தெரியாதவர்கள் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள் என்று தன் மக்களையே எச்சரித்தார். 1923இல் ஜபோட்டின்ஸ்கி, எந்த மண்ணின் மக்களும் தங்கள் நிலத்தில் பிறர் குடியேறுவதை விரும்பி ஏற்கமாட்டார்கள், அதனால் பலம்தான் வழி என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். மக்கள் இல்லாத நிலத்துக்குப் போனோம் என்ற கதையை, அந்த மண்ணை மனதாரப் பற்றியிருந்த இந்த இருவருமே நம்பவில்லை. "வெளியே இருந்து ஒருவர் சொன்னால் பிள்ளைகள் தற்காப்புக்குப் போய்விடுகிறார்கள். இவர்கள் சொல்லும்போது காது கொடுக்கிறார்கள்" என்றார் ஆசிரியை.

குவாதமாலா, சோவியத் ஒன்றியம், எகிப்து, பிரிட்டன், இந்தியா என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்திருந்தார். ஐரோப்பாவின் அகதி முகாம்களில் அப்போது சுமார் இரண்டரை லட்சம் யூதர்கள் போக இடமில்லாமல் கிடந்ததையும், ஹைஃபா துறைமுகத்தில் அகதிக் கப்பலிலிருந்து ஆட்களை இழுத்து இறக்கியதை ஐ.நா. குழுவினரே நேரில் பார்த்ததையும் குவாதமாலா மாணவி சொன்னபோது வகுப்பு அமைதியானது. பெரும்பாலானோரின் கொள்ளுத்தாத்தா பாட்டிகள் அந்த முகாம்களில் இருந்தவர்கள்.

எகிப்து சீட்டு விழுந்தவன் ஒல்லியான பையன். எழுதி வைத்த தாளை இரு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தான். மக்களில் மூன்றில் ஒரு பங்காக இருக்கிறவர்களுக்குப் பாதிக்கும் மேற்பட்ட நிலத்தை எந்தக் கணக்கில் கொடுக்கிறீர்கள்? அந்த யூத நாட்டுக்குள் மாட்டிக்கொள்ளும் நான்கு லட்சம் அரபுகளை யார் கேட்டீர்கள்? ஐரோப்பா செய்த கொலைக்குப் பாலஸ்தீனத்தின் யாஃபாவில் இருப்பவன் ஏன் தன் வீட்டைத் தர வேண்டும்? படித்து முடித்ததும் ஒரு பெண் எழுந்து, "நீ அதை நம்புகிறாயா?" என்று கேட்டாள். ஆசிரியை குறுக்கே வந்தார். "அவன் நம்புகிறானா என்பது கேள்வி இல்லை. அவன் சொன்னதை முதலில் திருப்பிச் சொல், பிறகு பதில் சொல்." காலையில் தல்மூத் வகுப்பில் கேட்ட அதே விதி. அவள் திருப்பிச் சொன்னாள். இரண்டு இடத்தில் பையன் திருத்தினான். அதற்குப் பிறகுதான் விவாதம் நடந்தது.

வகுப்பு முடிந்ததும் இந்தியாவாக உட்கார்ந்திருந்த மாணவி என்னிடம் வந்தாள். "நீங்கள் ஏன் எதிர்த்தீர்கள்?" அவள் 'நீங்கள்' என்றது நேரு அரசை. நான்கு மாதம் முன்புதான் எங்கள் நாடு பிரிக்கப்பட்டிருந்தது, சுமார் ஒன்றரைக் கோடி மக்கள் இடம்பெயர்ந்தார்கள், மத அடிப்படையில் நாடு என்பதையே காங்கிரஸ் ஏற்கவில்லை, அரபு நாடுகளின் ஆதரவும் இந்திய முஸ்லிம்களின் உணர்வும் கணக்கில் இருந்தன என்று சொன்னேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு கேட்டாள்: "அப்போது முகாமில் இருந்தவர்கள் எங்கே போயிருக்க வேண்டும்?" இந்தியாவின் அறிக்கையில் அதற்குப் போதுமான பதில் இல்லை என்று சொன்னேன். அமெரிக்கா உட்படப் பெரிய நாடுகள் அவர்களுக்குக் கதவைப் பெரும்பாலும் அடைத்தே வைத்திருந்தன என்பதையும் சேர்த்துச் சொன்னேன். தலையாட்டினாள். பேச்சு பிறகு ஜோஹ்ரான் மம்தானிக்குப் போய்விட்டது. அப்போது இந்த ஊர் மேயராகத் தேர்வாகி 2026 ஜனவரியில் பதவியேற்கவிருந்தார், பாலஸ்தீன ஆதரவாளர், பெற்றோர் இந்திய வம்சாவளியினர். பள்ளியில் பாதி வீடுகளில் அவரைப் பற்றித்தான் சண்டையாம்.

டிசம்பர் 3, புதன். வில்லியம்ஸ்பர்க்

பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு புரூக்ளின் பக்கம் நடந்தேன். லீ அவென்யூவில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இட்டிஷில் எழுத்து போட்ட மஞ்சள் பள்ளிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக. சத்மார் ஹசீதுகள் என்ற தீவிர ஆசாரமான யூதப் பிரிவினரின் பகுதி. அமெரிக்காவில் முழுநேர யூதப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பான்மையினர் ஆர்த்தடாக்ஸ், அதாவது மத ஆசாரம் பார்க்கும் வீட்டுப் பிள்ளைகள், அதிலும் ஹசீதுகள் பெரும் பங்கு. இங்கே எந்தப் பள்ளியிலும் இஸ்ரேல் கொடி பார்க்க முடியாது. இவர்களின் ரெப்பே (மதகுரு) யோயல் டைட்டல்பாம், பெர்கன்-பெல்சன் என்ற நாஜி வதைமுகாமிலிருந்து தப்பி 1946இல் நியூயார்க் வந்தவர். மீட்பரான மெசியா வருவதற்கு முன் யூதர்கள் படையெடுத்துத் திரும்பக் கூடாது என்று தல்மூதில் வரும் ஆணையைக் காட்டி, யூத நாடு அமைத்ததே பாவம் என்று 1961இல் ஒரு நூலே எழுதினார். ஆனால் இந்தப் பிள்ளைகளும் நாளுக்கு மூன்று வேளை ஜெருசலேமை நோக்கி நின்று சீயோனுக்காக வேண்டுகிறார்கள். தாயகம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, அரசு என்பதில்தான் தகராறு.

பாலத்தைக் கடந்து மாலையில் லோயர் ஈஸ்ட் சைடு. ஈஸ்ட் பிராட்வேயில் ஃபார்வர்ட் பத்திரிகையின் பழைய கட்டடம், முகப்பில் மார்க்ஸும் ஏங்கல்ஸும் செதுக்கப்பட்டபடியே இருக்கிறார்கள், உள்ளே இப்போது விலையுயர்ந்த அடுக்குமாடி வீடுகள். இட்டிஷ் பேசிய சோஷலிஸ்ட் தொழிலாளர்கள் மாலைப் பள்ளிகள் நடத்திய வட்டாரம் இது. சியோனிச மாநாடு பாசலில் முதன்முதலாகக் கூடிய அதே 1897இல் வில்னாவில் (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) பண்டு என்ற யூதத் தொழிலாளர் கட்சி பிறந்தது. நாம் வாழும் இடமே நம் இடம், உரிமையை இங்கேயே போராடி வாங்குவோம் என்றது அது. நேற்றைய பத்தாம் வகுப்பில் அந்தப் பெயரை மூன்று பேர்தான் கேள்விப்பட்டிருந்தார்கள். யூதப் பள்ளியிலேயே யூதர்களின் இந்த விவாதம் இவ்வளவு சுருங்கிப்போனது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

டிசம்பர் 4, வியாழன். ஆசிரியர் அறை

மாலையில் வெவ்வேறு பள்ளிகளிலிருந்து சில ஆசிரியர்கள், இரண்டு பெற்றோர், தங்கை வீட்டில் கூடினார்கள். ரசமும் சோறும், கோஷர் என்ற யூத உணவு விதி பார்ப்பவர்களுக்குப் பழமும் தேநீரும். பேச்சு நள்ளிரவு வரை போனது.

ஒரு தாய் சொன்னது: "ஆண்டுக்கு நாற்பதாயிரம் டாலர் கட்டி நான் அனுப்புவது, வெளியே கல்லூரியில் என் மகளைத் திட்டப்போகிறவர்களின் வாதத்தை இங்கேயே சொல்லிக்கொடுப்பதற்கா?" அந்தப் பயத்தைத் தள்ளிவிட முடியாது. மகள் சுரங்கப்பாதை ரயிலில் தாவீது நட்சத்திரச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொள்கிறாள். அவரிடம் நான் கேட்டேன்: கல்லூரியில் முதல்முறை கேட்பது நல்லதா, உங்கள் ஆசிரியை பக்கத்தில் இருக்கும்போது கேட்பது நல்லதா?

அதற்கு நான் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அங்கிருந்த இளம் ஆசிரியர் ஒருவரே சொன்னார். அவரும் யூதப் பள்ளியில் படித்தவர். 1948இல் ஏறக்குறைய ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்ததையும், அவர்கள் அதை நக்பா என்று நினைவுகூர்வதையும் இருபது வயதில், கல்லூரி விடுதியில், எதிரியாகப் பார்த்த ஒருவரிடமிருந்து தெரிந்துகொண்டாராம். "என்னைப் புண்படுத்தியது அந்த உண்மை இல்லை. என் ஆசிரியர்களுக்கு அது தெரிந்திருந்தது என்பதுதான்." 2017இல் யூதப் பள்ளிகளிலும் கோடை முகாம்களிலும் வளர்ந்தவர்கள் பலர் 'எங்களிடம் ஏன் சொல்லவில்லை' என்று தங்கள் பழைய பள்ளிகளுக்கே பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள். 2020இல் பியூ ஆய்வு நிறுவனம் அமெரிக்க யூதர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் இஸ்ரேலோடு மனப்பிணைப்பு உண்டு என்றவர்கள் 65 வயதுக்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, 30 வயதுக்குக் கீழ் பாதிக்கும் சற்றுக் குறைவு. மறைத்துக் காப்பாற்றிய பிடிப்பு எங்கே போயிற்று என்று பள்ளிகள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அரபு நாடுகளிலிருந்து வந்த குடும்பத்துப் பெற்றோர் ஒருவர் அதுவரை பேசாமல் இருந்தார். அவருடைய தாத்தா பாக்தாதில் கடை வைத்திருந்தவர், 1951இல் ஒரே ஒரு பெட்டியோடு வெளியேறினார். "என் தாத்தாவின் கதையைப் பாலஸ்தீனர் கதைக்குப் பதிலாகச் சொல்லாதீர்கள். இரண்டையும் சொல்லுங்கள்" என்றார். ஒன்றைச் சொல்லி மற்றதை ரத்து செய்வது இந்த விவகாரத்தில் இரு தரப்பிலும் நடக்கிறது. அன்று மாலை நான் கேட்டதிலேயே இந்த வார்த்தைக்குத்தான் எனக்கு முழு உடன்பாடு.

டான் பார்-ஓன் என்ற இஸ்ரேலிய உளவியலாளரும் சமி அத்வான் என்ற பாலஸ்தீனக் கல்வியாளரும் இரு தரப்பு ஆசிரியர்களை வைத்துத் தயாரித்த பாடநூலைப் பற்றியும் பேச்சு வந்தது. ஒரே பக்கத்தில் ஒரு பத்தியில் இஸ்ரேலியர் சொல்லும் வரலாறு, மறு பத்தியில் பாலஸ்தீனர் சொல்லும் வரலாறு, நடுவில் மாணவன் எழுதக் காலி இடம். அதைத் தங்கள் பள்ளிகளில் நடத்த இஸ்ரேல் கல்வி அமைச்சகமும் விடவில்லை, பாலஸ்தீன நிர்வாகமும் விடவில்லை. நியூயார்க்கில் தடுக்க அமைச்சகம் கிடையாது. இங்கே தடுப்பது நன்கொடையாளரின் தொலைபேசி அழைப்பும், வேலை போய்விடுமோ என்ற கவலையும். இதுவரை ஒரு பாலஸ்தீனராவது உங்கள் வகுப்பில் வந்து பேசியிருக்கிறாரா என்று கேட்டேன். ஒரே ஒருவர் "ஆம்" என்றார். அடுத்த ஆண்டு அந்த நிகழ்ச்சி இல்லையாம்.

டிசம்பர் 5, வெள்ளி

காலைத் தொழுகைக்கு உட்கார அனுமதித்தார்கள். நேற்று இரவிலிருந்து ஒரு வரி மாறியிருக்கிறது. இஸ்ரேலுக்கு வெளியே இருக்கும் யூதர்கள் டிசம்பர் 4 இரவிலிருந்து மழை வேண்டும் வரியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கேயே இருப்பவர்கள் சில வாரம் முன்பே ஆரம்பித்துவிடுவார்கள். இந்தத் தேதி பழைய பாபிலோன் விவசாயிகளின் பருவத்தை வைத்துக் குறித்தது. மன்ஹாட்டனில், ஹீட்டர் போட்ட அறையில், பாபிலோன் கணக்குப்படி மழை கேட்கிறார்கள் பதினைந்து வயதுப் பிள்ளைகள். மறந்துவிட்ட ஒருவனைப் பக்கத்தில் இருந்தவன் முழங்கையால் இடித்து நினைவூட்டினான்.

1948க்கு, கொடிக்கு, உண்டியலுக்கு எல்லாம் எவ்வளவோ காலம் முந்தையது இந்தப் பற்று. ஒரு வரைபடத்தில் பச்சைக்கோட்டைப் போட்டுக்காட்டினால் இது அறுந்துவிடும் என்று பள்ளி நிர்வாகிகள் பயப்படுவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் கோட்டின் இருபுறமும் சேர்த்து இன்று கிட்டத்தட்ட சம எண்ணிக்கையில் யூதர்களும் பாலஸ்தீனர்களும் வாழ்கிறார்கள், இஸ்ரேலின் குடிமக்களிலேயே ஐந்தில் ஒருவர் அரபு என்பதை இரண்டாம் வகுப்பிலேயே சொல்லலாம். யாரையும் வெறுக்க வேண்டியதில்லை, யார் பக்கமும் சேர வேண்டியதில்லை. அங்கே வேறு குழந்தைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அது வீடு, இதைப் பற்றிப் பெரியவர்களுக்குள் பெரிய சண்டை, இவ்வளவு போதும். மீதியை ஆண்டுக்கு ஆண்டு சேர்த்துக்கொள்ளலாம்.

பத்தாம் வகுப்பு ஆசிரியையைக் கிளம்பும் முன் பார்த்தேன். வசந்தப் பருவத்தில் 1948ஐ இரு பத்தியாக, நடுவில் காலி இடம் விட்டு நடத்தப்போகிறார். அதற்கு முன் பெற்றோர் கூட்டம் ஒன்று, அதில் பெற்றோரே அந்தக் காலி இடத்தை எழுதிப் பார்க்க வேண்டும். நேற்று பேசிய அந்தத் தாய் வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். பாக்தாத் குடும்பத்துப் பெற்றோர் தாத்தாவின் வெளியேற்ற அனுமதிச் சீட்டைக் கொண்டுவருகிறார். 1947இல் இந்தியா கொடுத்த தனி அறிக்கையின் முழு வாசகம் எனக்குக் கிடைத்தால் அனுப்பச் சொன்னார். ஐ.நா. ஆவணக் காப்பகத்தில் அது இருக்கிறது, சனிக்கிழமை இரவே அச்செடுத்து அனுப்பிவிடுவேன்.